பின்னால் வருகிறவர் பார்க்கட்டும்

ஆனைக்கரை
18.05.2025

அன்புள்ள தம்பி மிக்கேல்ராஜுக்கு,

அக்கா ஞானஜோதி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அத்தானும் மகள் ஜிஸ்மியும் சுகம். உன் சுகமும் உன் வீட்டுக்காரி ஜின்சி சுகமும் அறிய ஆவல்.

நாலு மாதமாகப் போன் அடித்தால் ஜின்சிதான் எடுக்கிறாள். நீ ஒன்று குளிக்கிறாய், இல்லையென்றால் தூங்குகிறாய். ஈஸ்டருக்கும் வரவில்லை. கடிதத்தைக் குளிக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன ஜீப் நின்றுவிட்டது. பத்துப் பேர் வண்டியில் இருபத்திரண்டு பிள்ளைகள். மார்ச் மாதம் பின்கதவு திறந்து ஒரு பிள்ளை ரோட்டில் விழுந்தது. முழங்கை உரிந்ததோடு தப்பியது. ஜீப்காரர் பயந்து வண்டியையே விற்றுவிட்டார்.

நான் அங்கன்வாடி வேலைக்குத் தினமும் நடந்துதானே போகிறேன்? பள்ளிக்கூடம் அதற்குப் பக்கத்துக் கட்டிடம். ஏலக்காட்டு வழியாக ஒன்றரை கிலோமீட்டர். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறந்ததும் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். நான் முன்னால், பக்கத்து வீட்டு யோகப்பிரியா பின்னால். பஸ் மாதிரியே நேரமும் ஸ்டாப்பும் உண்டு. கடைசி அரை கிலோமீட்டர் மட்டும் குமுளி ரோடு. அங்கேதான் யோசனை. பதினாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறவன் நீ. உன் அபிப்பிராயம் எழுது.

ஜின்சிக்கு என் அன்பு.

உன் அக்கா,
ஞானஜோதி


கொழிஞ்சாம்பாறை
27.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மிக்கேல்ராஜ் எழுதுவது. நாங்கள் சுகம். அத்தானையும் ஜிஸ்மியையும் கேட்டதாகச் சொல்லவும்.

நீ நினைக்கிற காரியம் வேண்டாம். வேறு ஜீப் பாருங்கள். ரோடு நடக்கிறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் உள்ளது இல்லை. அது வண்டிக்காரனுடையது என்றுதான் ஒவ்வொரு வண்டிக்காரனும் நினைக்கிறான். நானும் அப்படி நினைத்தவன்தான். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீ எப்படித் தூங்குவாய்?

பஸ் பழையபடி ஓடுகிறது. இங்கே காற்று ஆரம்பித்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி,
மிக்கேல்ராஜ்


ஆனைக்கரை
15.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை விடாமல் பெய்கிறது. உங்கள் ஊரில் எப்படி?

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஜூன் இரண்டு வந்துவிட்டது. நடந்துவிட்டோம். முதல் நாள் பதினோரு பிள்ளைகள். இப்போது பதினெட்டு. எட்டேமுக்காலுக்கு லயத்துக் குழாயடியில் கிளம்பினால் ஒன்பதேகாலுக்குப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஜீப் ஓடின காலத்தில் மணி அடிக்குமுன் இந்தப் பிள்ளைகளை அவர் பார்த்ததே இல்லையாம்.

அட்டைதான் தொந்தரவு. ஆளுக்கு ஒரு உப்புப் பொட்டலம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் பொட்டலத்தை நடுவழியிலேயே நக்கித் தீர்த்துவிட்டது.

சிரிக்கிற விஷயம் இவ்வளவுதான். குமுளி ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. வலது பக்கம் திரும்பும், வலது பக்கமே மலைச்சுவர். எதிரே வருகிற வண்டி பத்தடிக்கு முன்னால்தான் தெரிகிறது. வெள்ளிக்கிழமை ஒரு டூரிஸ்ட் வேன் சுவரை ஒட்டி வந்தது. நான் கையை விரித்துக்கொண்டு பிள்ளைகளோடு சுவரில் ஒட்டி நின்றேன். அந்த டிரைவருக்கு நாங்கள் நின்றது தெரிந்ததா இல்லையா என்று இன்னமும் எனக்குத் தெரியாது.

வேண்டாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த இடத்தில் எப்படி நடக்கவேண்டும் என்று சொல்ல நீ ஒருவன்தான் எனக்கு இருக்கிறாய்.

அக்கா,
ஞானஜோதி


கொழிஞ்சாம்பாறை
24.06.2025

மரியாதைக்குரிய மதினிக்கு,

ஜின்சி எழுதிக்கொள்வது. இங்கு சுகம் என்றுதான் எழுதவேண்டும், எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. பஸ் ஓடுகிறது என்று உங்களுக்கு எழுதினாராம். பஸ் ஓடத்தான் செய்கிறது. ஓட்டுவது வேறு ஆள். ஜனவரி மாதக் கடைசியில் வண்டியை விட்டு இறங்கியவர் இன்னும் ஏறவில்லை. முதுகுவலி என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதுகில் ஒன்றும் இல்லை. காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். கேட்டால் எழுந்து போய்விடுகிறார். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மூன்று தடவை படித்தார். பிறகு காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு வளைவை வரைந்தார். அழித்து அழித்து வரைந்தார். ஐந்து மாதத்தில் அவர் ஒரு காரியத்தில் மனம் வைத்து நான் பார்த்தது அதுதான்.

அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள் மதினி. ஆனால் கடிதம் போடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
ஜின்சி


கொழிஞ்சாம்பாறை
30.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபம் செய்கிறோம்.

படம் வைத்திருக்கிறேன், பார்.

நேர் ரோட்டில் எப்போதும் வலது பக்கம் நடங்கள். எதிரே வருகிற வண்டி முகத்துக்கு முன்னால் வரும். ஆனால் அந்த வளைவில் மட்டும் அது செல்லாது. சுவர் உங்களை மறைக்கிறது. வளைவுக்கு முப்பது அடி முன்னாலேயே நின்று, எல்லோரும் ஒன்றாக இடது பக்கம் கடந்துவிடுங்கள். வளைவு முடிந்து ரோடு நேரானதும் திரும்பக் கடக்கலாம். இரண்டு இரண்டு பேராகக் கடக்க விடாதே. நின்றால் எல்லோரும் நிற்கவேண்டும், போனால் எல்லோரும் போகவேண்டும்.

கறுப்புக் குடை மழையில் டிரைவருக்குத் தெரியாது. முன்னால் போகிறவர் குடையிலும் பின்னால் வருகிறவர் குடையிலும் மஞ்சள் துணி கட்டுங்கள்.

நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸின் இடது பக்கம் ஒட்டிப் போகவே கூடாது. முன்கதவுக்குக் கீழே ஓர் ஆள் நீளத்துக்கு எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடு: டிரைவர் முகம் உனக்குத் தெரிந்தால்தான் நீ அவனுக்குத் தெரிவாய். முகம் தெரியவில்லையா, நில்.

இதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லவேண்டும்.

தம்பி,
மிக்கேல்ராஜ்


ஆனைக்கரை
27.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். ஜிஸ்மிக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்து இப்போது இறங்கிவிட்டது.

உன் படத்தைப் பெரிதாக வரைந்து அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வளைவுக்கு முன்னால் நின்று "முகம் தெரியுதா?" என்று நான் கேட்டால், இருபத்தாறு பிள்ளைகளும் "தெரியுது!" என்று கத்துகிறார்கள். தெரியாவிட்டால் "இல்லே!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்துகிறார்கள். நேற்று முன்தினம் ஒரு லாரிக்காரர் வண்டியையே நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "போதுமா டீச்சர்?" என்றார்.

மழை நாளில் யாரும் வரமாட்டார்கள் என்று அத்தான் சொன்னார். மழை நாளில்தான் கூட்டம் அதிகம். எல்லோருக்கும் மஞ்சள் குடைக்குப் பின்னால் நடக்கவேண்டும்.

யோகப்பிரியா ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நல்ல டிரைவர், குடிக்காதவர், நிதானமானவர், அவருக்கும் ரோட்டில் போகிற ஆள் கண்ணில் படாமல் போவது உண்டா? எப்போது? நேரம் கிடைக்கும்போது எழுது. அவசரம் இல்லை.

அக்கா,
ஞானஜோதி


கொழிஞ்சாம்பாறை
24.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜிஸ்மிக்கு முழுக்கக் குணமாகிவிட்டதா? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

உண்டு. பின்னால் வருகிற பஸ் முந்திவிடுமோ என்று நினைக்கும்போது முன்னால் போகிற ஆள் கண்ணில் படமாட்டார்.

ஜனவரி இருபத்தெட்டு, காலை எட்டு நாற்பது. பொள்ளாச்சி ரோடு. எனக்குப் பின்னால் இன்னொரு பஸ். அடுத்த ஸ்டாப்பில் ஆள் நிற்கிறது. முன்னால் ஒரு அம்மா சைக்கிளில் போனார். அவரைப் பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன், இடம் போதும் என்று நினைத்தேன். எதிரே லாரி வந்தது, இடது பக்கம் ஒடித்தேன். பஸ் தகரத்தில் ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான்.

அவர் பெயர் கமலாத்தாள். ஐம்பத்திரண்டு வயது. தேங்காய்க் களத்தில் வேலை. இடுப்பெலும்பில் விரிசல், கணுக்கால் முறிவு. என் பஸ்ஸிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போலீஸ் வந்து கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாய் குறுக்க வந்துருச்சுங்க. நானாத்தான் உழுந்தேன். இவிங்க பாவம், தூக்கியாந்து போட்டாங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் தோளில் தட்டி, ஆண்டவர் காப்பாற்றினார் என்றான்.

மறுநாள் சீட்டில் உட்கார்ந்தேன். கிளட்சில் கால் வைத்தேன், எடுத்தேன். இறங்கிவிட்டேன். அதன் பிறகு ஏறவில்லை. என்னைப் போன்ற ஒருவனை அந்த அம்மா எதற்குக் காப்பாற்றினார் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் போய்ப் பார்க்கவும் தைரியம் இல்லை.

ஜின்சியிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். பிறகுதான் உனக்கு எழுத முடிந்தது.

மிக்கேல்ராஜ்


ஆனைக்கரை
02.09.2025

என் அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். ஜிஸ்மி நடந்து போகிறாள்.

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. கொஞ்ச நேரம் ஏலக்காட்டுக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நான் உனக்குத் தண்டனை சொல்லவும் முடியாது, மன்னிப்புக் கொடுக்கவும் முடியாது. இரண்டும் அந்த அம்மா கையில் இருக்கிறது. போய் அவரைப் பார். எதற்குக் காப்பாற்றினார் என்று உன் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்காமல் அவரிடமே கேள். நாளைக்கு என்று தள்ளாதே.

அக்கா,
ஞானஜோதி


கொழிஞ்சாம்பாறை
28.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் எல்லோர் சுகமும் அறிய ஆவல்.

போனேன். காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தேன்.

நான் போன நேரம் அந்த அம்மா வீட்டில் இல்லை. மகன் பொங்கியண்ணன் பிக்கப் வண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ஆரு வேணும்?" என்றார். அவருடைய அம்மா வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதமாக உள்ளே கிடந்தது. நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டேன். நாய் இல்லை, நான்தான் என்றேன். கேஸ் கொடுப்பதானால் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன் என்றேன்.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்தார். உள்ளே போனார். சுவரோரம் நின்ற சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினார்.

"கேஸ் குடுத்தா எங்கம்மா போலீஸ்கிட்டப் பொய் சொன்னதுன்னு ஆயிருமுங்க. அது வேண்டாம். ஆனா இனிமே அம்மா சைக்கிள் எடுக்காது. நீங்க போலாம்" என்றார்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறார். மகன் விஷயத்தைச் சொன்னதும் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க டிரைவரே, உங்களைக் காப்பாத்தறதுக்கா நான் நாய்னு சொன்னேன்? நாய்னா எப்பவோ ஒருக்கா குறுக்க வரும். பஸ்ஸுன்னா தெனமும் வருமே. பஸ் இடிச்சுதுன்னா எம்பையன் என்னைய சைக்கிளைத் தொட உடுவானா? பதினெட்டு வருஷமா அது மேல போயித்தானுங்க இந்த ஊட்டை நிறுத்துனேன். போன வாரந்தான் திரும்ப ஏறிப் பார்த்தேன். உங்க மனசு லேசாகறதுக்கு எஞ்சைக்கிளைக் குடுத்துட்டீங்களே!"

மறுநாளிலிருந்து அவர் களத்துக்கு நடந்து போகிறார். மூன்று கிலோமீட்டர், அந்தக் காலோடு. மகன் வண்டியில் ஏறமாட்டேன் என்கிறாராம்.

மிக்கேல்ராஜ்


ஆனைக்கரை
08.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரியும்.

மறுபடி மன்னிப்புக் கேட்கப் போகாதே. அது அவர் காதுக்கும் பாரம். அவர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்று பார்த்து, அந்த நேரத்துக்குப் போய் நில். கூட நட. ரோட்டுப் பக்கம் நீ நட, அவர் ஓரத்தில் நடக்கட்டும். அவர் பேசாவிட்டால் நீயும் பேசாதே. ஒரு நாள் நடந்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால் போகவே வேண்டாம். பிள்ளைகள் விஷயத்தில் நான் படித்தது இவ்வளவுதான். மழையானாலும் அதே நேரத்துக்குக் குழாயடியில் போய் நிற்கிறேன், அதனால்தான் வருகிறார்கள்.

இங்கே அடுத்த மாதம் சபரிமலை வண்டிகள் வர ஆரம்பிக்கும். பஞ்சாயத்து மெம்பர் வளைவுக்கு இரண்டு பக்கமும் போர்டு வைக்க ஒத்துக்கொண்டார். போர்டில் உன் வாசகம்தான். மலையாளத்திலும் தமிழிலும்.

அக்கா,
ஞானஜோதி


கொழிஞ்சாம்பாறை
07.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஜின்சியும் நல்ல சுகம். இதை எழுதும்போது உண்மையாகவே எழுதுகிறேன். இரண்டு மாதம் கடிதம் போடாததற்குக் கோபிக்காதே. காலையில் வேலை இருந்தது.

அக்டோபர் பதிமூன்று, திங்கட்கிழமை, ஏழரைக்குக் கமலாத்தாள் அம்மா வீட்டு முக்கில் போய் நின்றேன். பார்த்தும் பார்க்காததுபோல நடந்தார். நான் ரோட்டுப் பக்கமாக நடந்தேன். களம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் அப்படியே. ஆறாம் நாள், "உங்களுக்குப் பொழப்பு இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

அதே களத்தில் வேலை செய்கிற ஆனந்தி, ஆட்டோவுக்குக் காத்து நிற்காமல் எங்களோடு சேர்ந்தாள். பிறகு செடி நர்சரிக்கு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள். வேலை இல்லாத டிரைவர் பெண்களுக்குக் காவலா என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். மூன்று வாரத்தில் அந்த டீக்கடைக்காரர் மனைவியே வந்து சேர்ந்துகொண்டார். சர்க்கரை வியாதியாம், டாக்டர் நடக்கச் சொன்னாராம்.

ஒரு நாள் பின்னால் ஒரு வண்டி வெகு நேரமாகத் தாண்டாமல் மெதுவாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். பொங்கியண்ணன். அம்மாவின் நடையைப் பார்த்துக்கொண்டே களம் வரை பின்னாலேயே வந்தார். மறுநாள் காலை சைக்கிள் வாசலில் நின்றது. காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கைப்பிடியில் புதிதாக ஒரு கண்ணாடியும் மாட்டியிருந்தார்.

"இது எதுக்குடா?" என்றார் அந்த அம்மா.

"பின்னால வர்ற வண்டி தெரியட்டும்மா."

"நாம் முன்னாலதானே பார்த்து ஓட்டோணும்? பின்னால வர்றவன் பாக்கட்டும்" என்றார். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

ஏறும்போது பயந்தார். "நீங்களும் ஒரு சைக்கிளை எடுத்துட்டு எம்பின்னால வாங்க" என்றார். பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். முதல் நாள், நான் ஓட்டிய அதே பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அக்கா, பஸ் தாண்டும்போது அந்தக் காற்று முதலில் ஆளை வெளியே தள்ளுகிறது, பிறகு சக்கரத்துப் பக்கம் இழுக்கிறது. பதினாறு வருஷம் ஓட்டிய எனக்கு அது தெரியாது. இறங்கி ஓரமாக நின்றுவிட்டேன். அந்த அம்மா நிற்கவில்லை. முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

ஒவ்வொருவராகச் சேர்ந்து, இப்போது என்னுடையதை விட்டு ஒன்பது சைக்கிள்கள். நடக்கிறவர்கள் தனி. நவம்பர் கடைசியில் முதலாளியிடம் போனேன். முதுகுவலி இல்லை, இதுதான் நடந்தது என்று சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, டிசம்பர் முதல் தேதி வந்து வண்டியை எடு என்றார்.

எடுத்தேன். அதே காலை டிரிப். களத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒன்பது பேரும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே லாரி மேல் லாரி. கண்டக்டர் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தான். ஹாரனில் கை வைக்கவில்லை. இரண்டாம் கியரில் பின்னாலேயே போனேன். ஒரு பயணி, "என்னங்க, மாட்டு வண்டியா?" என்றார். "முன்னால ஆள் போறாங்க" என்றேன். பின்னால் வந்த பஸ்ஸும் எனக்குப் பின்னாலேயே வரவேண்டியதாயிற்று. ரோடு அகலமாகி எதிர்ப்பக்கம் ஒழிந்ததும், முழுக்க விலகி, வலது ஓரமாகத் தாண்டினேன். ஸ்டாண்டில் ஆறு நிமிஷம் லேட் எழுதினார்கள்.

மறுநாள் களத்து ஸ்டாப்பில் அந்த அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸை நிறுத்தினேன். ஜன்னலுக்குக் கீழே வந்து, என் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"நேத்து நீங்க தாண்டிப் போனதே தெரியலீங்க. பஸ்ஸு முன்னால போனப்பறந்தான் பாத்தேன்."

கிறிஸ்துமஸுக்கு இருபத்துமூன்றாம் தேதியே வருகிறோம். பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை முடிந்திருக்குமோ? நடக்கிற நாளாக இருந்தால் ஒரு காலை நானும் வரிசையில் வருகிறேன். எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று நீ சொல்.

அத்தானுக்கும் ஜிஸ்மிக்கும் எங்கள் அன்பு. யோகப்பிரியாவின் கேள்விக்கு நன்றி சொன்னதாகச் சொல்லவும்.

உன் தம்பி,
மிக்கேல்ராஜ்